ஊரா, காலனியா?

இன்று எங்கள் இரும்புக் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்தார்கள். அந்த வாடை, உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே, இப்போது செல்போன் கடையாகிவிட்ட போட்டோ ஸ்டுடியோவின் வாடை. உள்ளே சுவரை மறைத்து, பெயிண்டால் வரைந்த ஒரு பெரிய திரை தொங்கும். அதில் பட்டணத்து மாநகராட்சிக் கட்டடம், வெள்ளை வெளேரென்று, நடுவில் மணிக்கூண்டோடு, கடிகாரத்தில் எந்நேரமும் பத்தேகால். எண்ணெய்த் தலைகளும் பவுடர் பூசிய தோள்களும் சாய்ந்து சாய்ந்து அதன் படிக்கட்டும் தூண்களும் பிசுக்கேறிக் கிடக்கும்.

ஸ்டுடியோக்காரர் யாருடைய பெயரையும் கேட்கமாட்டார். "ஊரா, காலனியா?" என்றுதான் கேட்பார். ஊர் என்றால் திரை. காலனி என்றால் கயிற்றை இழுப்பார், கட்டடம் சரசரவென்று சுருண்டு மேலே போய்விடும்.

நான் பத்தாவது தேறியதும் நைனா என்னோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்ளக் கூட்டிப்போனார்.

"அந்த பில்டிங்குக்கு நானே சுண்ணாம்பு அட்ச்சிகீறேன் சார். அது முன்னால நிக்க வெச்சி எடுங்க."

"தெர அயுக்காயிடும். செவுத்தாண்ட நில்லு."

அந்தப் பிசுக்கு எங்களுடையதா? எங்களில் ஒருவர் விரல்கூட அதில் பட்டதில்லை. இப்போது நினைத்தாலும் காறித் துப்பத் தோன்றுகிறது.

படத்தில் எங்களுக்குப் பின்னால் வெறும் வெள்ளைச் சுவர். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நைனா அதை விரல் வைத்துக் காட்டுவார்.

"பட்டணத்து பில்டிங்குதான் இது. ரொம்பக் கிட்ட நின்னுக்கினோம், அதான் முயுசாத் தெரில."