வியாழக்கிழமை குப்பத்துக்கு யார் போவது?

டாக்டர் தமயந்தி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது மயிலாப்பூரில் பேருந்துக்குள் நின்றுகொண்டிருந்தேன். சட்டென்று இறங்கிவிட்டேன். எந்தப் பக்கம் போவதென்று தெரியவில்லை. அழுகைக்கு முன்னால் பதற்றம்தான் வந்தது. நாளை மறுநாள் வியாழக்கிழமை, ஊரூர் குப்பத்தில் எங்கள் மனநல கிளினிக். மாத்திரை எழுதித்தர யார் இருக்கிறார்கள்?

அவருடன் அங்கே சமூகப் பணியாளராக வேலை பார்ப்பவள் நான். மீன் விற்கும் சந்தின் முனையில், சமுதாயக்கூடத் தாழ்வாரத்தில்தான் வைத்தியம். "மனசுக்கு வைத்தியம்னா இவங்க ஆஸ்பத்திரிப் பக்கம் வரமாட்டாங்க. வெட்கம் ஒரு பக்கம், ஆட்டோ காசு ஒரு பக்கம். நாமதான் போகணும்" என்பார்.

தொடக்கத்தில் வந்தவர்களில் ஒருவர் ஏழுமலை, மீன்பிடிப்பவர். காதுக்குள் யாரோ திட்டிக்கொண்டே இருப்பதாகச் சொன்னார். டாக்டர் வழக்கம்போல இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட மாத்திரை எழுதினார். அடுத்த வாரமே அவர் மனைவி கன்னியம்மா வந்து சத்தம் போட்டாள். "இன்னாம்மா மாத்திரை இது? விடியறதுக்குள்ள கடலுக்குப் போற மனுசன், போட்லயே தூங்கிக்கினு கீறாரு! உள்ள விழுந்தா யாரு பதில் சொல்றது? எல்லாத்தையும் கடாசிட்டேன்."

டாக்டரின் முகம் வெளுத்துவிட்டது. "எப்போ தூங்குவாருன்னு நான் கேக்கவே இல்லையே கன்னியம்மா. தப்பு என்னோடதுதான்" என்றார். அன்றிலிருந்து ஏழுமலைக்கு மாத்திரை, கரை திரும்பிச் சாப்பிட்டுப் படுக்கும் பகல் வேளையில். திட்டும் குரல் மெல்ல மெல்ல அடங்கியது.

இறப்புச் செய்தி வந்த மறுநாள், இரங்கல் கூட்டத்தில் டாக்டரைப் பொறுமையின் வடிவம் என்றார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவரோடு பழகிய யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், பொறுமையா, அவருக்கா? மருந்து அடுத்த மாதம்தான் வரும் என்ற தேனாம்பேட்டை சுகாதாரத் துறை அதிகாரியிடம், "அதுவரைக்கும் எங்க நோயாளிகளை உங்க வீட்ல வச்சுப் பாத்துக்கறீங்களா?" என்று கேட்டவர் அவர்.

வியாழக்கிழமை தாழ்வாரத்தில் நான் மட்டும் நின்றேன். கன்னியம்மா மீன் கூடையை இறக்கி வைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஞாயித்துக்கெழமையோட அவருக்கு மாத்திரை தீந்துபூடும். இனிமே இன்னா பண்றது?" என்று கேட்டாள்.

அடையாறில் ஒரு மனநல மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து நிலைமையைச் சொன்னேன். "அவங்களை இங்க அனுப்புங்க, பாக்கலாம்" என்றார் நிதானமாக.

"அவங்க வரமாட்டாங்க சார். உங்களைக் கூட்டிட்டு வர நான் கிளம்பிட்டேன்" என்றேன். அவர் வருவாரா என்று கேட்கக்கூட இல்லை. சந்தின் முனையில் வந்த ஆட்டோவை நிறுத்தி ஏறினேன்.

டாக்டர் தமயந்தியிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது இந்த அவசரம்தான். அவர் கற்றுத்தரவில்லை, கூடவே இருந்ததில் தொற்றிக்கொண்டது. இது எனக்குக் குணமாகவே வேண்டாம்.