தன்னாமுனையில் சொன்ன ஒரு ‘சரி’

போன செவ்வாய்க்கிழமை மட்டக்களப்புக்குப் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. தன்னாமுனையில் கட்டும் அரிசி ஆலையில், கிரேனில் ஜெனரேட்டர் இறக்கும்போது என் கணவரின் இடது கையில் இரண்டு விரல்கள் நசுங்கிவிட்டன. அவருக்கு இயந்திரம் பொருத்தும் வேலை அந்தப் பக்கத்தில், நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடம் கொழும்பில். ஆறு வருடமாக இப்படித்தான்.

புறக்கோட்டையில் காலை ஐந்தரைக்குப் பஸ். இருநூற்று இருபது ரூபாய், முந்நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். போர்நிறுத்தம் என்கிறார்கள். ஆனாலும் மன்னம்பிட்டி சோதனைச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து கடக்க ஒன்றேகால் மணி நேரம் போனது. அதன்பிறகு ஜன்னலுக்கு வெளியே நான் எதையும் பார்க்கவில்லை. ஒரே நினைப்பு. அந்தக் கை இனி வேலைக்கு ஆகாது என்றால் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். நினைத்ததும் வெட்கமாக இருந்தது. மறுபடியும் நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் ஐந்து மணிக்குத்தான் உள்ளே விட்டார்கள்.

“என்ன புள்ள, மெலிஞ்சி போயிட்டாய்,” என்றார், அடிபட்டது எனக்கு என்பதுபோல.

கட்டிலருகே இருந்த கிரேன் சாரதி எழுந்து நின்றார். பொலன்னறுவையைச் சேர்ந்த சிங்களவர். “அக்கா, அண்ணன் ‘சரி’ சொன்னது. எனக்கு ‘ஹரி’ கேட்டது. நான் இறக்கினது.”

என் கணவர் சொன்ன ‘சரி’க்குப் போதும், நிறுத்து என்று அர்த்தம். சாரதியின் மொழியில் ‘ஹரி’ என்றால் ஆகட்டும், இறக்கலாம். ஜெனரேட்டரின் அடிச்சட்டத்துக்கும் கொங்கிறீட் மேடைக்கும் நடுவே விரல்கள் இருந்தன. இப்போது அங்கே வாயே திறப்பதில்லையாம், கைச்சாடை மட்டுந்தான்.

“அவன் எனக்கு அடிபட்ட அண்டையிலருந்து சோறு தின்னல்ல. ஏசிப்போடாத,” என்றார் இவர். “ஏசினாலும் பாதிதான் விளங்கும்.”

மறுநாள் காலை கட்டைப் பிரித்தார்கள். “விரல் தப்பிட்டுது. ரெண்டு மாசத்தில வேலைக்குப் போகலாம்,” என்றார் டொக்டர். சாரதி அவரைக் கும்பிட்டார். இவர் சிரித்தார். நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.

“அந்த ரெண்டு மாசமாவது வீட்ட வந்து இருங்களன்.”

“வாறன் புள்ள. கையால செய்ய ஏலாட்டியும், பக்கத்தில நிண்டு சொல்லிக்குடுக்கவாவது அங்க ஆள் வேணும். மில் ஓடட்டும், வாறன்.”

எனக்கு லீவு முடிந்திருந்தது. வியாழக்கிழமை காலை ஆறு மணி பஸ்ஸில் தனியாகத் திரும்பினேன்.

போகிறவர்களுக்கு: அடையாள அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். பையைப் பூட்டாதீர்கள். திரும்பும்போது இடப்பக்க ஜன்னலைக் கேளுங்கள், வாவி தெரியும். எனக்கு அந்த இடம்தான் கிடைத்தது. பக்கத்து இருக்கை வாழைச்சேனை வரை காலியாக இருந்தது. பையை அதில் வைக்கச் சொன்னார் கண்டக்டர். நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.