மச்சானின் ஸ்பீக்கர் பெட்டிகள்

நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர். புக்கிட் ரோத்தானில் என் வீட்டுக் கொட்டகையில் ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பதும் ஸ்பீக்கர் பெட்டி செய்வதும் என் பொழுதுபோக்கு. என் மனைவியின் தம்பி பத்தாங் பெர்ஜுந்தாய்த் தோட்டமொன்றில் லோரி ஓட்டியவர், ஆறாம் வகுப்போடு நின்றவர். என்னைப் பார்த்துத்தான் அவரும் இதில் இறங்கினார். தோட்டத்தில் இடித்த லயத்து வரிசை வீடுகளின் பலகைகளில் ஒரு ஜோடி பெட்டி செய்தார். அளவெல்லாம் கண்ணும் காதும் சொன்னபடிதான்.

என் பேத்தியின் பிறந்தநாளுக்கு அவற்றை வைத்தோம். உறுமி மேளத்தின் அடி நெஞ்சில் வந்து இறங்கியது.

"வாத்தியாரே, இதுக்கு முன்னால உங்க பெட்டியெல்லாம் தகர டப்பா லா!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மறுவாரம், நல்ல ஒயராக மாற்றித் தரச் சொல்லி மச்சான் பெட்டிகளை என்னிடம் விட்டுப்போனார். ஒன்றில் மட்டும் சிவப்பு ஒயரையும் கறுப்பு ஒயரையும் வேண்டுமென்றே இடம் மாற்றிப் பற்றவைத்தேன். அப்படிச் செய்தால் ஒரு ஸ்பீக்கர் காற்றை முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும், நெஞ்சில் இறங்கும் அந்த பாஸ் செத்துவிடும்.

போட்டுப் பார்த்தவரின் முகம் சுருங்கியது. "என்ன மச்சான், சளி புடிச்ச மாரி இருக்கு?"

"பெட்டி அளவு தப்பு. கணக்குப் போடாம செஞ்சா அப்படித்தான். புதுசுல தெரியாது."

"நீங்க படிச்சவரு. சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் எழுதிக்கொடுத்த அளவுக்கு இரண்டையும் அறுத்தார். தேறவில்லை. வேறோர் அளவு கொடுத்தேன், மறுபடியும் அறுத்தார். என் பற்றவைப்பை அவர் சந்தேகிக்கவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஸ்பீக்கரை ஒயரோடு கழற்றி ஒயரோடு மாட்டினார். ஐந்து நிமிடத்தில் நான் சரிசெய்திருக்கலாம். பக்கத்தில் நின்று டார்ச் பிடித்தேன். கடைசியில் பலகைகளைக் குப்பையோடு எரித்துவிட்டு, "நமக்கெல்லாம் இது வராது மச்சான்," என்றார். பிறகு இந்த வேலையையே தொடவில்லை.

இரண்டு வருடம் கழித்து, போன மாதம், அவர் வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"எந்தப் பெட்டில?"

"இடது பக்கத்துல."

"அப்ப வலது பக்கத்துது நல்லாத்தானே இருந்துச்சு? அதயும் ரெண்டு தடவ அறுக்க வச்சீங்களே."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

"தம்பி ஏங்க இந்தப் பக்கமே வர்றதில்ல?" என்று மனைவி இரண்டு முறை கேட்டுவிட்டாள். வேலை இருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.