யசீகரன் மான்கொம்பில் கத்திப்பிடி போட்ட கதை

ஆக்லாந்தில் எத்தனை தமிழர் இருக்கிறார்கள் என்று குடிசன மதிப்பீட்டைப் பார்த்துச் சொல்லிவிடலாம். எத்தனை சங்கங்கள் இருக்கின்றன என்று யாராலும் சொல்ல முடியாது. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், அதிலிருந்து கோபித்துக்கொண்டு பிரிந்த பழைய மாணவர் சங்கம், மூத்தோர் சங்கம், தங்களை மூத்தோர் என்று ஒப்புக்கொள்ளாத மூத்தோரின் நடைக் கழகம். இவற்றில் எதிலுமே தலைவராகவோ செயலாளராகவோ இருந்திராத ஒரு ஆண்மகன் சான்ட்ரிங்ஹாமில் இருந்தார். அவர் பெயர் யசீகரன்.

ஐம்பதைத் தாண்டியவர். தொண்ணூறுகளின் கடைசியில் அகதியாக வந்து, ஒரு பேக்கரியில் பாணுக்குப் பை போட்டு, மாலை வகுப்பில் படித்து மேலே வந்தவர். இப்போது மனுகாவில் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. மழைக்கு ஒழுகிய கூரைகளின் படங்களைப் பார்த்து, இது புயலால் வந்த சேதமா, கூரை வேய்ந்தவனின் கைவண்ணமா என்று தீர்ப்புச் சொல்ல வேண்டும். பெரும்பாலும் கைவண்ணம் என்றுதான் சொல்வார். மனைவி கிருசாந்தி ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளர். மகள் பிரணவி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். தமிழில் கேட்டால் இங்கிலிஷில் பதில் சொல்லுவாள். இங்கிலிஷில் கேட்டால் பதிலே சொல்லமாட்டாள்.

யசீகரனிடம் ஒரே ஒரு தனிச்சிறப்பு இருந்தது. அவர் உண்மையான சைவம். முட்டை போட்ட கேக்கைக்கூடத் தொடமாட்டார். அவர் போகும் கோயிலின் நிர்வாகத்தில் இருந்தவர்கள் செவ்வாயும் வெள்ளியும் சைவம், திருவிழாக் காலத்தில் முழுச் சைவம், பிள்ளைகளோடு மோலுக்குப் போனால் சூழ்நிலைக்கேற்ற சைவம். அந்தச் சூழ்நிலையில்தான் அன்னதானக் குழுத் தலைவர் ஒருநாள் கோழிக்காலும் கையுமாக ஒரு பக்தரின் கண்ணில் பட்டார். பதவி காலியானது. கோயில் தலைவர் இரத்தினசிங்கம், ஓய்வுபெற்ற பொறியியலாளர், நாலைந்து சங்கங்களின் புரவலர், யசீகரனைக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மைப் பற்றி ஆரும் ஒரு குறை சொல்லேலாது. சூரசங்காரம் முடிய வாற கூட்டத்தில உம்மைத்தான் போடப்போறம்."

யசீகரனுக்கு அன்றைக்கு நடை மாறியது. கிருசாந்திகூடக் கவனித்தாள்.

இந்த நேரத்தில்தான் மான்கொம்பு வந்தது.

அலுவலகத்தில் யசீகரனுக்குப் பக்கத்து மேசை கிரேக். திங்கட்கிழமை காலைகளில் தேநீர் அறையில் எல்லோரும் வார இறுதியில் செய்ததைச் சொல்லுவார்கள். ஒருவர் மீன் பிடித்திருப்பார், ஒருவர் தானே மரத் தளம் அடித்திருப்பார், கிரேக் தன் தம்பியின் பண்ணையில் வேலி போட்டிருப்பார். யசீகரன் "கோயில்" என்பார். அத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஒருநாள் அலுவலகத்துக்கு வந்த பெட்டி ஒன்றைத் திறக்க அவர் தன் மடக்குக் கத்தியை எடுத்தார். கோயிலில் வாழையிலை நறுக்கவும் மாலைக் கயிறு வெட்டவும் வைத்திருந்த கத்தி. பிளாஸ்டிக் பிடி வெடித்து, கறுப்பு டேப் சுற்றியிருந்தது.

கிரேக் அதை வாங்கி விரித்துப் பார்த்தார். "அலகு நல்ல உருக்கு. பிடி வெட்கக்கேடு," என்றார்.

அடுத்த கிழமை பண்ணையிலிருந்து வந்தபோது ஒரு சிவப்பு மானின் கொம்பைக் கொண்டுவந்து யசீகரனின் கணினிக்கு முன்னால் வைத்தார்.

"இதில் பிடி போடு. பயப்படாதே, மான் உயிரோடுதான் இருக்கிறது. வசந்தம் வந்தால் கொம்பைத் தானாக விழுத்திவிட்டு, அதே இடத்தில் புதிதாக முளைக்க வைக்கும். உங்கள் கீரை மாதிரி."

முப்பது பேர் வேலை செய்யும் அந்த அலுவலகத்தில் யசீகரனுக்கு யாரும் அதுவரை எதையும் செய்து பார்க்கச் சொல்லிக் கொடுத்ததில்லை. மறுக்க மனம் வரவில்லை.

வீட்டில் கிருசாந்தி வாசலிலேயே மறித்தாள். "இஞ்சாருங்கோ, என்ன சாமான் உது?"

"மான்கொம்பு."

"சஷ்டி தொடங்கப்போகுது. உதை வீட்டுக்குள்ள கொண்டுவராதேங்கோ."

"தானா விழுந்ததப்பா. கீரை மாதிரியாம்."

"அப்ப கறிவேப்பிலைக்குப் பக்கத்தில நட்டுவிடுங்கோ."

கொம்பு கராஜுக்குப் போனது.

காணொளியில் தாடி வைத்த ஒரு அமெரிக்கர் பிடி போடுவதைப் பத்தே நிமிடத்தில் காட்டினார். கொம்பின் நேரான துண்டை அறு, நெடுக்கே இரண்டாகப் பிள, உள்பக்கத்தைத் தட்டையாக்கு, கத்தியின் இரண்டு பக்கமும் ஒட்டி, பித்தளை ஆணி அடி. அவ்வளவுதான். யசீகரன் முதல் துண்டை அறுத்தபோதுதான், கொம்பு வெளியே கல்லும் உள்ளே ரொட்டியும் என்பதைக் கண்டுகொண்டார். மெல்லிதாக வரவேண்டும் என்று தேய்க்கத் தேய்க்க, ஓட்டை ஓட்டையான நடுப்பகுதி வெளியே வந்தது. அது வீண். இரண்டாவது சோடி நன்றாகத் தட்டையானது. ஆணிக்குத் துளை போட்டபோது விளிம்போடு வெடித்தது. இந்த வேலையை வேறு யாராவது செய்துவிட்டு இழப்பீடு கேட்டிருந்தால் யசீகரன் தேநீர் குடித்து முடிப்பதற்குள் மறுத்திருப்பார்.

ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. கராஜிலிருந்து வெளியே வந்தபோது அவருக்குப் பசித்தது. வெகுகாலத்துக்குப் பிறகு ஒரு மாலை முழுக்கத் தொலைபேசியைப் பார்க்க மறந்திருந்தார்.

மூன்றாவது சோடிக்குக் கையால் தேய்த்தால் சரிவராது என்று, சுழலும் பட்டியில் தேய்க்கும் ஒரு சாண்டர் மெஷினை வாடகைக்கு எடுத்தார். கந்தசஷ்டிச் சனிக்கிழமை. காற்றில்லாத நல்ல வெயில். முகமூடி போட்டுக்கொண்டு, கராஜ் கதவைத் தூசு போகட்டும் என்று முழுதாகத் திறந்துவிட்டு, மெஷினை ஓடவிட்டார்.

மான்கொம்பு ஒரு வகை எலும்பு. எலும்பை வேகமாகத் தேய்த்தால் சூடாகும். சூடான எலும்பு என்ன மணம் மணக்கும் என்று தாடிக்காரர் சொல்லவில்லை. முகமூடி போட்டிருந்ததால் யசீகரனுக்கும் தெரியவில்லை.

தெரிந்தது பக்கத்து வீட்டு ஆனந்தவல்லிக்கு. கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் வேலை, அன்றைக்குப் பாலும் பழமும் மட்டும். துணி காயப்போட வெளியே வந்தவர் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். சற்று நேரத்தில் கோயில் வாட்ஸ்அப் குழுவில் அவருடைய செய்தி வந்தது. "யார்னு பேர் சொல்ல விரும்பலை. ஆனா சஷ்டி அன்னிக்குப் பட்டப்பகல்ல நான்வெஜ் பார்பிக்யூ போடுறாங்க. சான்ட்ரிங்ஹாம்ல என் வலதுபக்கத்து வீடு."

அந்தச் செய்தி நகரின் இன்னொரு பகுதியான எப்சமுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆட்டிறைச்சியாக இருந்தது. கராஜில் கொம்பு ஒன்றைக் கண்ட தபால்காரர் வழியாகவோ வேறு எப்படியோ, மனுகாவை அடைந்தபோது மானிறைச்சி ஆகிவிட்டது. மத்தியானத்துக்குப் பிறகு, யசீகரனிடம் வேட்டைத் துவக்குக்கு லைசென்ஸ் இருப்பது தனக்கு முன்பே தெரியும் என்று ஒருவர் எழுதினார். அவரை யசீகரன் வாழ்க்கையில் சந்தித்ததே இல்லை.

இரத்தினசிங்கம் தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, நீர் மானைச் சுட்டதெண்டு கதைக்கினம்."

"இல்லை ஐயா. மான்ர கொம்பைத்தான் தேய்ச்சனான். கத்திக்குப் பிடி போட."

"கத்தியோ?" தொலைபேசி மறு காதுக்கு மாறியது. "கத்தி வேறயோ?"

"ஓம் ஐயா. வாழையிலை வெட்டுறது."

"கொம்பு ஆற்ற கொம்பு?"

"மான்ர."

"அப்ப மான் எங்கை?"

"மான் சுகமா இருக்காம் ஐயா."

"உது எனக்கு விளங்குது. சனத்துக்கு விளங்காது. நாளைக்கு அவசரக் கூட்டம்."

ஞாயிற்றுக்கிழமை கோயில் மண்டபம் நிறைந்துவிட்டது. ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு எப்போதும் ஆள் போதாமல் தள்ளிவைப்பார்கள். அன்றைக்கு நாற்காலி போதவில்லை. "தானாக விழுந்த மான்கொம்பு மரக்கறியா மச்சமா", அதாவது சைவமா அசைவமா, என்பதே பேசுபொருள். நகம் வெட்டுகிறோமே, அது மச்சமா என்று ஒருவர் கேட்டார். நகத்தை யாரும் சுடுவதில்லை என்று ஆனந்தவல்லி பதில் சொன்னார். சிவபெருமான் கையிலேயே மான் இருக்கிறது என்றார் இன்னொருவர். அது முழு மான், கொம்பு மட்டுமல்ல என்று மறுப்பு வந்தது. யசீகரன் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். எல்லோரும் அதை வெட்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். அவர் தன் பெருவிரலில் பிடித்திருந்த பசையை உரித்துக்கொண்டிருந்தார்.

அப்போது கிருசாந்தி எழும்பினாள். கொம்பை வீட்டுக்குள் விடாதவள் அவள்தான். ஆனால் தன் புருஷனைத் தான் திட்டுவது வேறு, ஊர் திட்டுவது வேறு.

"ஒரு சின்னக் கேள்வி. போன மாசம் தலைவர் ஐயாவின்ர பேரனுக்கு இதே மண்டபத்தில மிருதங்க அரங்கேற்றம் நடந்தது. மிருதங்கத்தில இருக்கிற தோல் என்ன மரத்தில காய்க்கிறது?"

அவள் சன்னிதிப் பக்கம் கையைக் காட்டினாள்.

"அம்மனுக்குச் சாத்தின பட்டுச்சீலை? அந்தப் பூச்சியள் உயிரோட இருக்கோ? பூசைக்கு ஊதுற சங்கு?"

குருக்கள் தன் சால்வையைச் சரிசெய்துகொண்டு வெளியே பார்த்தார். இரத்தினசிங்கம் ஒலிவாங்கியைத் தட்டி, மிருதங்கம், பட்டு, சங்கு ஆகியவற்றை ஆராய ஓர் உபகுழு அமைக்கப்படும் என்றும், இன்றைக்கு மான்கொம்பை மட்டும் கதைப்போம் என்றும் அறிவித்தார். கொம்பு தானாகத்தான் விழுந்தது என்பதற்குச் சாட்சி இருக்கிறதா?

சாட்சி இருந்தது. பிரணவி ஏற்கெனவே கிரேக்குக்குத் தகவல் அனுப்பியிருந்தாள். அவர் அரைக்காற்சட்டையோடு வந்து, பூட்ஸை வாசலில் கழற்றி வைத்துவிட்டு, மேடையில் ஏறினார். யசீகரனின் கொம்பில் மிஞ்சிய அடித்துண்டைத் தூக்கிக் காட்டினார். அதன் அடி பொத்தானைப் போல் உருண்டு சொரசொரப்பாக இருந்தது. "கொன்ற மானென்றால் இங்கே வாள் அறுத்த தழும்போ மண்டையோட்டுத் துண்டோ இருக்கும். இது தானாக விழுந்தது. சொந்தக்காரர் இவர்தான்." தொலைபேசியில் படத்தைக் காட்டினார். புல்வெளியில் ஒரு மான், தலையில் பஞ்சுபோல் புதுக்கொம்பு முளைத்து நின்றது. படம் வரிசை வரிசையாகக் கைமாறியது. பெண்கள் "ஐயோ பாவம், வடிவு" என்றார்கள்.

"அருமையான மிருகம்," என்றார் கிரேக் பெருமையோடு. "இவருடைய அண்ணனைப் போன கிழமைதான் சாப்பிட்டோம்."

அங்கிருந்த அத்தனை பேருக்கும் இங்கிலிஷ் தெரியும். அந்த ஒரு வசனம் மட்டும் ஒருவருக்கும் விளங்கவில்லை. கிரேக்குக்குத் தயிர்சாதம் கொடுக்கப்பட்டது.

தானாக விழுந்தது மரக்கறியே என்று ஏகமனதாக நிறைவேறியது. ஆனந்தவல்லி யசீகரனிடம் வந்து, "தப்பா நினைச்சுக்காதீங்க சார், வாசனை அப்படி இருந்துச்சு," என்றார். இரத்தினசிங்கம் நேரத்தைக் கடத்தாமல் அன்னதானக் குழுத் தலைவராக யசீகரனின் பெயரை அங்கேயே பிரேரித்தார். கைதட்டல். யசீகரன் எழுந்து நின்றார்.

"ஐயா, குறை நினைக்காதேங்கோ. எனக்கு உது வேண்டாம்."

"என்ன தம்பி, கோவமோ?"

"கோவமில்லை. சனி ஞாயிறில எனக்கு இனி நேரமிராது. பிடி இன்னும் ஒட்டேல்லை."

ஆக்லாந்துத் தமிழ்ச் சங்கங்களின் வரலாற்றில் ஆட்கள் நீக்கப்பட்டிருக்கிறார்கள், பிரிந்து போயிருக்கிறார்கள், நாற்காலியோடு தூக்கி வெளியே வைக்கப்பட்டிருக்கிறார்கள். கொடுத்த பதவியை ஒருவர் வேண்டாம் என்று சொன்னது அதுவே முதல் தடவை. அதை நம்ப யாராலும் முடியவில்லை. ஆளுக்கு ஏதோ வருத்தம், உடம்பு சரியில்லை என்று சிலர் மரக்கறிச் சாப்பாட்டோடு வீட்டுக்கு வந்து பார்த்தார்கள். மற்றவர்கள் உண்மையைக் கண்டுபிடித்தார்கள்: யசீகரன் தனிச் சங்கம் தொடங்கப் போகிறார்.

இரத்தினசிங்கம் முந்திக்கொண்டார். மாதம் முடிவதற்குள் ஆக்லாந்துத் தமிழர் மான்கொம்புக் கைவினைக் கழகம் குத்துவிளக்கேற்றித் தொடங்கப்பட்டது. தலைவர் அவர். செயலாளர் ஆனந்தவல்லி. கிரேக்குக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் அதைத் தம்பியின் மனைவிக்கு மேசைவிரிப்பாகக் கொடுத்தார். கழகத்தில் யாரும் அதுவரை கொம்பைத் தொட்டதில்லை. கழகத்தின் சட்டவிதிகளான யாப்பை எழுதுவதில் கருத்து வேறுபாடு வந்து, ஒரு பகுதியினர் ஆட்டுக்கொம்பையும் சேர்க்க வேண்டும் என்று பிரியும் நிலையில் இருந்தார்கள். யசீகரனுக்கு ஆலோசகர் பதவி என்று அழைப்பு வந்தது. அந்தக் கூட்டத்துக்கு அவர் போகவில்லை. அன்றுதான் ஆணிகளின் தலையை மட்டமாகத் தேய்த்து, எண்ணெய் பூசி முடிக்கவேண்டிய நாள்.

மத்தியானம் கிருசாந்தி தேநீரோடு கராஜுக்கு வந்தாள். கத்தி மேசையில் கிடந்தது. வெளியில் மரப்பட்டை போல் கபில நிற வரிகள், ஓரங்களில் பால் வெள்ளை, இரண்டு பித்தளைப் பொட்டுகள். அவள் கையைச் சீலைத் தலைப்பில் துடைத்துவிட்டு, அதை எடுத்து விரித்தாள், மடித்தாள், மறுபடி விரித்தாள். டக் என்ற அந்தச் சத்தம் அவளுக்குப் பிடித்திருந்தது போலிருந்தது.

யசீகரன் எண்ணெய்த் துணியை மடித்து மடித்து அவள் முகத்தையே பார்த்தார்.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். "இஞ்ச, இரும்பும் கொம்பும் முட்டுற இடத்தில ஒரு நீக்கல் தெரியுதே."

"ஓம்," என்றார் யசீகரன். "சாண்டரைக் கொஞ்சம் கூட அழுத்திப்போட்டன்."

அவள் கத்தியை மடித்து அவர் கையில் வைத்துவிட்டு, மூலையில் கிடந்த மிச்சக் கொம்பைக் கண்ணால் அளந்தாள்.

"அப்ப இன்னொண்டு செய்யுங்கோவன்," என்றாள். "கதவைச் சாத்திப்போட்டு."