ஆயுசு கொடுத்த தண்டனை

என் தம்பி ஏழுமலை ஒரு மனிதரைக் கொன்றான். அதை மறைத்துவிட்டு வரதராஜப் பெருமாளின் அருளைச் சொன்னால் இது சாட்சி ஆகாது.

1965, மாசி மாதம். தென்னேரியில் மடைத் தண்ணீர் யாருக்கு முதலில் என்று பக்கத்து வயல்காரர் கோவிந்தனோடு சண்டை. மறுநாள் காலை காத்திருந்து, மண்வெட்டியால் அடித்துவிட்டான். வழக்கு மேல்கோர்ட்டுகள் வரை போயும் தூக்கு உறுதியாயிற்று. சின்ன காஞ்சிபுரத்தில் நூலகம் பார்த்துக்கொள்ளும் நான் ஒருநாள் தவறாமல் நாட்குறிப்பு எழுதுகிறவன். தூக்கு உறுதியான அந்த வியாழக்கிழமைப் பக்கம் மட்டும் இன்றும் வெறுமையாக இருக்கிறது.

கவர்னரிடம் கேட்டோம், மறுத்துவிட்டார். மிஞ்சியது ஜனாதிபதி. நூலகத்திலேயே அரசியல் சட்டத்தை எடுத்து எழுபத்திரண்டாம் பிரிவைப் படித்தேன். ‘மன்னிக்கலாம்’ என்று கண்ணில் பட்டதும் தம்பி வீட்டுக்கே வந்துவிட்டதாக நினைத்தேன். ‘பெருமாளே, அவனை விடுவித்துக் கொடு’ என்று வேண்டிக்கொண்டேன்.

வக்கீல் தலையை ஆட்டினார். “படிச்சது சரிதான் சார். ஆனா அவரு தனியா முடிவு பண்றதில்ல, மந்திரிங்க சொல்ற யோசனைப்படிதான். கெடைச்சா தூக்கு போயி ஆயுள் தண்டனை ஆவும். குத்தவாளின்னு ஆனது ஆனதுதான். வூட்டுக்கு வந்துடுவான்னு எண்ணிக்கினு இருக்காதீங்க.”

தம்பி திட்டமிட்டுச் செய்யவில்லை என்று நான்கு பக்கம் மனு எழுதினேன். அவன் மனைவி அலமேலுவுக்குப் படித்துக் காட்டினேன்.

“காத்துக்கினு இருந்துதானே அடிச்சாரு? பொய்யி சொல்லிக் கருணை கேக்கறது எந்த ஊரு நியாயம் மாமா? செஞ்சாருன்னே எழுதுங்க. உசுரு மட்டும் குடுங்கன்னு கேளுங்க.”

நான்கு பக்கத்தையும் கிழித்தேன். புதிதாக ஒரே பக்கம். கோயில் பழக்கத்தில் மேலே ‘பேரருளாளர் ஜனாதிபதி அவர்களுக்கு’ என்று எழுதிவிட்டேன். பேரருளாளர் எங்கள் வரதனின் திருநாமம். சொன்னதும் இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அலமேலு சிரித்தாள்.

“பெருமாளையே டில்லியில குந்த வெச்சுட்டீங்களா? இருக்கட்டும், கோடு போட்டு அடிக்காதீங்க.”

1967, வைகாசி. கருட சேவைக்கு மறுநாள் காலை வேலூர் சிறையிலிருந்து கடிதம் வந்தது. ‘ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது’ என்று படித்தேன். தெரிந்ததுதான், இருந்தும் என் முகம் தொங்கிவிட்டது. நான் கேட்டது இதுவல்லவே.

“என்னா மாமா எழுதியிருக்குது?”

“ஆயுள் தண்டனைம்மா.”

“ஆயுளா? ஆயுசு குடுத்துட்டாரா!”

தெருவிலேயே கைகூப்பிக் குதித்தாள். தபால்காரர் வாயில் ஒரு பிடி சர்க்கரையைப் போட்டாள். “எதுக்கும்மா?” என்று அவர் திணற, “நல்ல தண்டனைபா!” என்றாள். எத்தனையோ புத்தகம் படித்த எனக்கு அந்த வார்த்தையில் தண்டனைதான் தெரிந்தது. அவளுக்கு ஆயுள் தெரிந்தது. நானும் சிரித்தேன், அழுதேன்.

1977 தை மாதம், நன்னடத்தைக்காக விடுதலையாகி வந்தான். முன்பு குடித்தவன், அதன்பின் குடியைத் தொடவில்லை. ஒவ்வொரு போகத்திலும் முதல் தண்ணீரைக் கோவிந்தன் வயலுக்கே திருப்பினான். கோவிந்தனின் தாய் வரப்பில் நிற்பார், முகத்தைத் திருப்பிக்கொள்வார். அவர் மன்னிப்பு எந்த ஜனாதிபதியின் அதிகாரத்திலும் இல்லை. அதற்காகவும் வேண்டிக்கொண்டோம்.

சென்ற கார்த்திகையில் ஒரு திங்கட்கிழமை, அந்த அம்மாள் வாய் திறந்தார்.

“மடையை நல்லா அடைப்பா. தண்ணி ஒழுவுது பார்.”

அவ்வளவுதான். தம்பி மூன்று மைல் ஓடி பஸ் பிடித்து, சேறு கழுவாத காலோடு நூலகத்துக்கே வந்து அதைச் சொன்னான். அன்றைய பக்கத்தில் அந்த வாக்கியத்தை மட்டும் எழுதினேன்.

அன்பர்களே, செய்ததை ஒளிக்காமல் கேளுங்கள். கிடைப்பது நீங்கள் கேட்ட பெயரில் வராமல் போகலாம். உறையைப் பிரித்து, இன்னொரு முறை படித்துப் பாருங்கள்.