குமிழி நிற்கும்வரை

கப்பலில் வேலை செய்யும் என் கணவர் போன விடுப்பில் சிங்கப்பூரிலிருந்து ஒரு சைக்கிள் கொண்டுவந்தார். அதன் பிரேக்குக்குக் கம்பி கிடையாது. குழாயில் இருக்கும் எண்ணெய்தான் சக்கரத்தைப் பிடிக்க வைக்கும். அவர் கப்பலேறிய பிறகு அதில்தான் வேலைக்குப் போய்வந்தேன்.

ஆயுத பூஜைக்கு, எல்லா சைக்கிளையும் போல அதையும் தலைகீழாக நிறுத்திக் கழுவினேன். பிறகு பிரேக் தொளதொளத்தது. அவர் வைத்துவிட்டுப் போன எண்ணெயை மேலே கைப்பிடியருகே உள்ள துளையில் ஊற்றி மூடிவிட்டேன். மறுநாள் எண்ணூர் நெடுஞ்சாலையில் முன்னால் போன கன்டெய்னர் லாரி சட்டென்று நின்றது. பிரேக்கை அழுத்தினால் அது கைப்பிடியோடு போய் ஒட்டிக்கொண்டது. ஓரத்து மணல் குவியலில் ஏற்றியதால் பிழைத்தேன்.

ஞாயிறன்று அவர் போன் செய்தார்.

"ஏம்மே, எண்ணெய ஊத்துனா மட்டும் போதுமா? தலகீயா நிறுத்துனதுல உள்ள காத்து பூந்துகினு கீது. கீய இருந்து, நான் வெச்சுட்டு வந்த சிரிஞ்சுல எண்ணெய மெதுவா தள்ளு. மேல குமிழி வர்றது நிக்கணும்."

போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு தள்ளினேன். குமிழி நின்ற பிறகும், "இன்னும் வருதுங்க" என்றேன். கொஞ்ச நேரம் கழித்துச் சிரித்தார்.

"அதுல ஏது அவ்ளோ காத்து?"

இப்போதெல்லாம் பிரேக்கை அழுத்திப் பார்க்காமல் நான் சைக்கிளில் ஏறுவதில்லை. கல் மாதிரி நிற்கிறது. ஒருநாளாவது தொளதொளக்காதா என்று இருக்கிறது.