குடிக்காதவரின் குவளை

என் அப்பா பீர் குடிக்க மாட்டார். இருந்தும் ஒரு பீர் குவளைக்காக ஒரு கோடைகாலம் முழுவதும் ரிவால்வர் சுட்டார்.

எழுபதுகளின் தொடக்கம். அப்பாவுக்கு ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற நகரத்தில் என்ஜினீயர் வேலை. நகரத்துக்கு வெளியே ஒரு சின்ன ஊரில், ஒரு வீட்டு மாடியில் நாங்கள் குடியிருந்தோம். கீழே வீட்டுக்காரர் தனியாக இருந்தார். ஊர்த் துப்பாக்கிச் சங்கத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். நம் ஊரில் கோயில் கமிட்டி எப்படியோ, அங்கே அந்தச் சங்கம் அப்படி. சங்கக் கூடத்துச் சுவரில் வரிசையாகக் கொக்கிகள் அடித்து, ஒவ்வொன்றிலும் ஓர் உறுப்பினரின் குவளையைப் பெயர் எழுதி மாட்டியிருப்பார்கள். ஒரே ஒரு கொக்கி காலியாக இருந்தது. அதன்மேல் அப்பாவுக்கு ஒரு கண்.

"குடிக்காத மனுஷனுக்கு மக் எதுக்குங்க? மோர் ஊத்திக் குடிக்கவா?" என்றாள் அம்மா.

அப்போது எங்கள் ரேடியோவுக்கு அடியில் ஒரு கடிதம் கிடந்தது. அப்பாவின் வேலையை மேலும் மூன்று வருஷம் நீட்டிப்பதாகவும், சம்மதமானால் கையெழுத்துப் போட்டு அனுப்பும்படியும் கம்பெனி எழுதியிருந்தது. அம்மாவுக்கோ ஊருக்குத் திரும்ப வேண்டும். பேச ஆளில்லாத பகல்கள் அவளுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டன. எனக்கு இங்கேயே இருக்க வேண்டும். எதிர்வீட்டுச் சிறுமியும் நானும் அடுத்த பனிக்காலத்துக்கு எந்த மேட்டிலிருந்து சறுக்குவது என்றுகூட முடிவு செய்திருந்தோம். அப்பா கடிதத்தை எடுப்பார், படிப்பார், திரும்ப ரேடியோவுக்கு அடியிலேயே வைப்பார். கடைசியில் ஒரு நாள் சாப்பிடும்போது அம்மாவே பந்தயம் கட்டினாள்.

"அந்தக் கொக்கியில உங்க மக் தொங்கினா நான் இருக்கேன். தொங்கலேன்னா டிக்கெட் போடுங்க. ஓகேவா?"

ஓகே என்று அப்பா சொன்ன வேகத்தில் ரசம் தட்டிலிருந்து வழிந்தது.

சங்கத்தில் சேர ஒரு சோதனை உண்டு. வீட்டுக்காரரின் பெரிய ரிவால்வரால் ஆறு முறை சுட வேண்டும். நான்கு குண்டாவது அட்டையின் கறுப்பு வட்டத்தில் விழ வேண்டும். அப்பா அதுவரை கொசு மருந்து அடிக்கும் பம்பைத் தவிர எதையும் குறிபார்த்தவர் அல்ல. நிறையப் பழக வேண்டும். பெரிய தோட்டாவோ யானை விலை. வீட்டுக்காரர்தான் வழி சொன்னார். பெரிய தோட்டாவின் அளவிலேயே ஆறு எஃகுக் குழல்கள் அவரிடம் இருந்தன. ஒவ்வொன்றுக்குள்ளும் மலிவான சின்னத் தோட்டா ஒன்று உட்காரும். ரிவால்வரின் சுத்தியல் நடுவில் அடிக்கும், சின்னத் தோட்டாவோ விளிம்பில் அடிபட்டால்தான் வெடிக்கும். அதனால் குழலில் தோட்டா உட்காரும் துளையை நடுவிலிருந்து கொஞ்சம் தள்ளிப் போட்டிருந்தார்கள். அப்பா இதையெல்லாம் படம் வரைந்து அம்மாவுக்கு விளக்கினார்.

"அதாவது, பெரிய வீட்டுல ஒண்டுக்குடித்தனம். நம்மள மாதிரி" என்றாள் அம்மா. அப்பா அடாப்டர் என்றார். எங்கள் வீட்டில் ஒண்டுக்குடித்தனம் என்ற பெயர்தான் நிலைத்தது.

அதில் ஒரு வம்பு இருந்தது. சின்னத் தோட்டா கையை அவ்வளவாக உதைக்காது, அதனால் குண்டு தாழ்ந்து போகும். அதைச் சரிக்கட்ட, குறிபார்க்கும் தகட்டை ‘டிக் டிக்’ என்று சொடுக்கும் ஒரு திருகைத் திருகி உயர்த்த வேண்டும். பதினொரு சொடுக்கு. பழகி முடித்ததும் மறக்காமல் பதினொரு சொடுக்கு இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரிய தோட்டா வானத்தைப் பார்த்துப் போகும். பெரிய பெரிய கணக்கெல்லாம் போடும் அப்பாவுக்குப் பதினொன்றுவரை எண்ணுவதற்குள் யோசனை வேறெங்கோ போய்விடும். அதனால் சனிக்கிழமைதோறும் நான் கூடப் போய் உரக்க எண்ணினேன். வீட்டிலும் படியேறும்போது, பல் தேய்க்கும்போது எனக்கு அதே பாட்டுதான்.

சோதனைக்கு முந்தைய சனிக்கிழமை மழை பிடித்துக்கொண்டது. பழகி முடித்து அப்பா தகட்டை இறக்க, நான் "நாலு" என்று எண்ணும்போது சங்கத்துக் கதவைத் திறந்துகொண்டு அம்மா நின்றாள், கையில் இரண்டு குடை. அம்மா அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். வீட்டுக்காரர் எழுந்து நாற்காலி போட்டார். அப்பா பெருமை தாங்காமல் கொக்கியைக் காட்டினார். பிறகு ரிவால்வரைப் பெட்டியில் வைத்துப் பூட்டி வீட்டுக்காரரிடம் கொடுத்தார். மூவரும் இரண்டு குடையில் நனைந்துகொண்டே வீடு வந்தோம்.

மறுநாள் ஊரே வந்திருந்தது. அம்மா பட்டுப்புடவையில், என் பக்கத்தில். சுடும்போது யாரும் மூச்சு விடக் கூடாது என்பது விதி. அப்பா இந்தத் தடவை பெரிய தோட்டாவால் சுட்டார். முதல் குண்டு அட்டைக்கு மேலே மண்மேட்டில் புதைந்தது. இரண்டாவதும் அங்கேயே. இனி நான்கும் விழுந்தாக வேண்டும். அப்பா காதடைப்பானைக் கழற்றிவிட்டு ரிவால்வரைப் பார்த்து முழித்தார். ஏதோ தப்பு நடந்திருக்கிறது, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று மட்டும் தெரிந்தது. என்ன என்று தெரியவில்லை.

"ஏழு!" என்று அம்மா எழுந்து நின்று கத்தினாள். "இன்னும் ஏழு இருக்குங்க! நேத்து நாலோட நிறுத்திட்டீங்க!"

ஊரே திரும்பிப் பார்த்தது. அப்பா கையை நீட்டினார். வீட்டுக்காரர் அதில் திருப்புளியை வைத்தார். அந்த அமைதியில் ஏழு சொடுக்கும் எல்லோருக்கும் கேட்டன. பிறகு அப்பா சுட்டார். மூன்று கறுப்பில் விழுந்தன. நான்காவது விளிம்பில். வீட்டுக்காரர் பூதக்கண்ணாடியோடு குனிந்து, நான் அழுதுவிடப் போகிற நேரம்வரை பார்த்துவிட்டு, கோட்டைத் தொட்டிருக்கிறது, செல்லும் என்றார்.

விதியை மீறிக் கத்தியதற்கு அம்மாவுக்குத் தண்டம் போட்டார்கள்: அடுத்த சனிக்கிழமை கூடத்தில் எல்லோருக்கும் பலகாரம். அம்மா நூறு வடை சுட்டாள். அப்பாவின் குவளை கொக்கியில் ஏறியது. இறக்கி அதில் ஆப்பிள் சாறு ஊற்றிக் குடித்தார். உறுப்பினர்களின் மனைவிமார் அம்மாவைச் சூழ்ந்துகொண்டு வடையில் ஏன் ஓட்டை என்று விசாரித்தார்கள். தனக்குத் தெரிந்த ஐம்பது ஜெர்மன் வார்த்தையில் அம்மா விடாமல் பதில் சொன்னாள்.

அன்று வீடு திரும்பும் வழியில், "நீ கணக்குல புலிம்மா" என்று சொன்னேன். அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்துவிட்டுச் சிரித்தாள். கணக்கு தப்பாக இருந்தால் அம்மாவால் பொறுக்க முடியாது, அதனால்தான் கத்திவிட்டாள் என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கும் கல்யாணமாகி, ரேடியோவுக்கு அடியில் இல்லாவிட்டாலும் எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு கடிதம் வந்து கிடந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பந்தயத்தில் ஜெயித்து ஊருக்குப் போக, அன்று அம்மா சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.